கெர்னல்ல தப்பைத் திருத்தினா பழைய புரோகிராம் உடையுது, யார் விட்டுக்கொடுக்கணும்?

பசுண்டாங் பட்டறை:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமா மண்டையக் குடையுற விஷயம், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நான் ரங்கூன்ல சின்னச் சின்ன கடைகளுக்கு கம்ப்யூட்டர் பாத்துக் குடுக்குற ஆளு. நம்மாளு ஒருத்தர் பருப்பு மொத்த வியாபாரம் பண்றார். அவர் கடைல 2009ல யாரோ எழுதிக் குடுத்த பில்லிங் புரோகிராம் இன்னும் ஓடிட்டு இருக்கு. எழுதினவர் வெளிநாடு போய்ட்டாரு, சோர்ஸ் கோடு யார்ட்டயும் இல்ல, ஆனா யாரு எத்தன மூட்ட உளுந்து எடுத்தாங்க, யாரு எவ்வளவு பாக்கி வச்சிருக்காங்கன்னு 15 வருசத்துக்கு மேலான கணக்கு மொத்தமும் அதுக்குள்ள தான் இருக்கு. போன மாசம் பழைய மெஷினோட மதர்போர்டு போயிடுச்சு. புது மெஷின் வாங்கி டெபியன் 12ங்கிற லினக்ஸ் போட்டேன், அதோட கெர்னல் (மெஷினுக்கும் புரோகிராமுக்கும் நடுவுல இருக்குற மையப் பகுதி) 6.1. பழைய 32 பிட் லைப்ரரியெல்லாம் தேடிப் புடிச்சு வச்சு புரோகிராமத் தெறந்தா, கெர்னல் பழசு, 2.6 வேணும்னு ஒரு வரி காட்டிட்டு மூடிக்குது. 6.1ஐப் பாத்து பழசுங்குது!

புரோகிராம் கெர்னல்கிட்ட என்ன கேக்குதுன்னு காட்டுற எஸ்ட்ரேஸ் போட்டுப் பாத்தேன். கெர்னல் நம்பர் என்னன்னு கேக்குற யூநேம் கால் போகுது, 6.1ன்னு பதில் வருது, அடுத்த வரிலயே எக்ஸிட். முதல் மூணு எழுத்து 2.6ஆ இருக்கான்னு மட்டும் செக் பண்ணி எழுதி வச்சிருக்கார் மனுசன்.

தேடினப்ப தான் தெரிஞ்சது, செட்ஆர்ச்னு ஒரு கமாண்டு இருக்கு, அதுல யூநேம்-2.6ன்னு ஒரு ஆப்ஷன் குடுத்து புரோகிராம ஓட்டினா கெர்னலே தன்னோட பேர 2.6.61ன்னு மாத்திச் சொல்லுது. 2011 ஜூலைல 2.6.39க்கு அப்புறம் திடீர்னு 3.0ன்னு நம்பர் மாறினப்ப இந்த மாதிரி எழுதி வச்ச புரோகிராமெல்லாம் படுத்துக்கிச்சாம், அதுக்காகவே 3.1ல சேத்த ஏற்பாடு. ஓட்டினேன், கணக்கு அப்படியே வந்துச்சு. கடைக்காரர் கண்ணு கலங்கிட்டாரு.

இப்ப என் கேள்வி. தப்பு பண்ணது புரோகிராம் எழுதினவர். அதுக்கு கெர்னல் ஏன் பொய் சொல்லணும்? நான் இத்தன வருசமா தப்பு யாருதோ அவங்க தான் திருத்தணும்னு சொல்லிட்டு இருந்தவன். இப்ப அந்தப் பொய்யால தான் ஒரு குடும்பத்தோட கணக்கு பொழச்சிருக்கு. நீங்கள்லாம் என்ன நெனக்கிறீங்க?

சிஸ்டம் சயா:

பட்டறை தம்பி, நல்ல கேள்வி. லினக்ஸ்ல இதுக்கு ஒரே ஒரு சட்டம் தான், யூசர் புரோகிராம உடைக்காத. லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் இத எத்தனையோ தடவ சொல்லியிருக்காரு, 2012 டிசம்பர்ல சொன்னது தான் ரொம்பப் பிரபலம். ஒரு மீடியா டிரைவர் பேட்ச்ல, அதாவது திருத்தத்துல, எரர் கோடு மாறிப்போச்சு, ஆடியோ புரோகிராமெல்லாம் தடுமாறிச்சு, பராமரிக்கிறவரு அது புரோகிராமோட தப்புன்னு சொல்லப் போக, லினஸ் கொதிச்சுப் போய்ட்டாரு. ஒரு மாத்தத்தால புரோகிராம் உடைஞ்சா அது கெர்னல்ல இருக்குற பக் தான்னு அவர் நிலைப்பாடு. வார்த்தை கடுமை, அது எனக்குப் புடிக்கல, ஆனா சொன்ன விஷயம் சரி.

உங்க கேஸவிட இன்னும் நல்ல உதாரணம் ஒண்ணு சொல்றேன். பைப்புங்கிறது ஒரு புரோகிராம்லருந்து இன்னொண்ணுக்கு டேட்டா போற வழி. அதுல ஒரு புரோகிராம் எழுதுது, இன்னொண்ணு எப்போல் (டேட்டா வந்தா எழுப்பிவிடச் சொல்ற வசதி) வச்சு காத்திருந்து படிக்குது. முன்னாடியெல்லாம் ஒவ்வொரு தடவ எழுதும்போதும் கெர்னல் படிக்கிறவன எழுப்பி விடும். 5.5 கெர்னலுக்காக பைப் கோட சுத்தம் பண்ணப்ப, பைப் காலியா இருந்து முதல்ல எழுதும்போது மட்டும் எழுப்பினாப் போதும்னு மாத்தினாங்க. இது சரியான மாத்தம். எட்ஜ் டிரிக்கர்ல, அதாவது நிலைமை மாறும்போது மட்டும் எழுப்புற முறைல, எப்போல் யூஸ் பண்றவன் மொத்தத்தையும் காலி பண்ணிப் படிச்சுடணும்னு மேனுவல்லயே எழுதியிருக்கு. ஆனா ஆண்ட்ராய்டுல ரியல்ம்னு ஒரு டேட்டாபேஸ் லைப்ரரி, காலி பண்ணாமலே, ஒவ்வொரு தடவ எழுதும்போதும் கெர்னல் எழுப்பும்னு நம்பி எழுதியிருந்துச்சு. அத உள்ள வச்சிருந்த ஆப்பெல்லாம் தொங்கிப் போச்சு. 5.5 வந்தது 2020 ஜனவரி, புது கெர்னல் போன்ல ஏற ஏற 2021 ஜூலைல தான் புகார் வருது. ஒன்றரை வருசம் கழிச்சு, மேனுவல் படி தப்பு லைப்ரரியோடதுன்னு தெளிவாத் தெரிஞ்சும், லினஸ் 5.14ல பழைய பழக்கத்தையே திருப்பிக் கொண்டாந்தாரு. ஏன்னா போன வச்சிருக்கிறவனுக்கு எட்ஜ் டிரிக்கர்னா என்னன்னு தெரியாது, நேத்து ஓடின ஆப் இன்னிக்கு ஓடலங்கிறது மட்டும் தான் தெரியும்.

தௌங்கூ தம்பி:

சயா, மரியாதையோட மறுக்கிறேன். இந்தச் சட்டத்த கண்ண மூடிட்டு கும்பிடுறது ஆபத்து.

டர்ட்டி கவ்ங்கிற பாதுகாப்பு ஓட்டை ஞாபகம் இருக்கா, 2016 அக்டோபர். சாதாரண யூசர் ஒருத்தன் படிக்க மட்டும் அனுமதி இருக்குற ஃபைல்ல எழுதி ரூட் (மெஷின்ல முழு அதிகாரம் உள்ள யூசர்) ஆயிடலாம். அடிப்படைக் கோளாறு அதுக்கும் முன்னாடியே இருந்துச்சு, 2007ல வந்த 2.6.22லருந்து அத வச்சு உள்ள நுழைய முடிஞ்சுது. அத மூடின பேட்ச்லயே லினஸ் எழுதியிருக்காரு, 11 வருசம் முன்னாடியே தான் இத சரி பண்ணப் பாத்ததாவும், எஸ்390ங்கிற ஐபிஎம் பெரிய மெஷின்ல பிரச்சன வந்ததால அது திருப்பி எடுக்கப்பட்டதாவும். ஒரு பக்கம் உடையுதுன்னு திருத்தத்த எடுத்தாங்க, அதுக்கு வெல என்ன? நம்மூர்ல எத்தன பேர் கைல அப்டேட்டே வராத பழைய ஆண்ட்ராய்டு போன் இருந்துச்சு, இன்னும் இருக்கு? அவங்களுக்கு அந்த ஓட்டை மூடவே இல்ல.

லினக்ஸ் மாதிரி இன்னொரு சிஸ்டம் ஓபன்பிஎஸ்டி, அதப் பாருங்க. 2038 ஜனவரி 19ல 32 பிட் நேரம் (செகண்ட எண்ணி வைக்கிற பழைய எண்) நிரம்பி வழியப் போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். அவங்க 2014 மேல 5.5 வெளியிட்டப்ப நேரத்த 64 பிட்டா எல்லா மெஷின்லயும் ஒரே வீச்சுல மாத்திட்டாங்க, ஏற்கனவே கம்பைல் பண்ணி வச்ச பழைய பைனரி உடைஞ்சா உடையட்டும், சோர்ஸ்லருந்து திரும்ப கம்பைல் பண்ணிக்கோன்னுட்டாங்க. லினக்ஸ்ல 32 பிட்டுக்கு அந்த வேல முடியும்போது 5.6, அதாவது 2020 மார்ச். ஆறு வருசம் பின்னாடி. அதுவும் பழச தொடாம, பக்கத்துலயே புது சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னல்கிட்ட வேல கேக்குற வழி) சேத்து.

பட்டறை பட்டறை:

தம்பி, திரும்ப கம்பைல் பண்ண சோர்ஸ் வேணுமே. எங்கிட்ட இல்லயே. அது தான் என் மொத்தப் பிரச்சனையே. (பேர் ரெண்டு தடவ விழுந்திருக்கு, போன்லருந்து போடுறேன், மன்னிக்கணும்.)

பெகு பெரியவர்:

பிள்ளைங்க பேசுறத மூணு நாளா படிச்சிட்டு இருக்கேன். கெர்னல் எனக்கு அவ்வளவா தெரியாது, என் பேரன் தான் இந்த இழையக் காட்டினான். ஆனா நான் முப்பது வருசம் பஸ் பட்டறைல வேல பாத்தவன், இதே சண்டைய நான் ரோட்டுல பாத்திருக்கேன், அதச் சொல்றேன்.

1970 டிசம்பர்ல நம்ம நாட்டுல வண்டியெல்லாம் இடது பக்கத்துலருந்து வலது பக்கத்துக்கு மாறிச்சு. எனக்கு அப்ப 12 வயசு. ஒரே நாள்ல ரோடு மாறிச்சு, அந்த ஒரு நாள் வேல நல்லாத் தான் நடந்துச்சு. ஆனா வண்டி மாறல. ஸ்டியரிங் வலது பக்கம், கதவு இடது பக்கம், எல்லாம் பழைய ரோட்டுக்குச் செஞ்சது. அதுக்கப்புறமும் வந்தது பூரா ஜப்பான்ல ஓட்டிக் கழிச்ச வண்டிங்க, அங்க இன்னிக்கும் இடது பக்கம் தான் ஓட்டுறாங்க, அதனால அதே வலது ஸ்டியரிங். பஸ்ஸுல ஏறுறவங்க நடு ரோட்டுல நின்னு ஏறணும், எறங்குறவங்க பின்னாடி வர்ற வண்டி முன்னாடி எறங்கணும். டிரைவர் பிளாட்பாரத்துப் பக்கம் உக்காந்திருக்கார், முந்திப் போகணும்னா எதிர்ல வர்றது அவருக்குத் தெரியாது, ஸ்பேர் பையன், அதாவது வண்டில கூட வர்ற உதவியாள், இடது பக்கக் கதவுல தொங்கிட்டு தலைய நீட்டிப் பாத்து போ போன்னு கத்துவான், அத நம்பி வண்டிய எடுப்பாரு.

எங்க பட்டறைல என்ன வேலன்னு நெனக்கிறீங்க? வலது பக்கம் நடுவுல தகட்ட வெட்டி, ரெண்டு சீட்டக் கழட்டி, புதுசா கதவு வைக்கிறது. முன்னாடி வைக்க முடியாது, அங்க டிரைவர் இருக்கார். இடது பக்கக் கதவ வெல்டு வச்சு அடைப்போம். வெட்டின எடத்துல சேஸிஸ் மேல இருக்குற பாடி பலம் போயிடும், ஆங்கிள் வச்சு முட்டுக் குடுப்போம், மழ காலத்துல அந்த வெல்டு வழியாத் தான் முதல்ல துரு ஏறும். ஒரு வண்டிக்கு நாலஞ்சு நாள். காசு வண்டிக்காரன் குடுக்கணும், ரோட்ட மாத்தினவங்க குடுக்கல. காசு இல்லாதவன் கதவ மாத்தாமலே ஓட்டினான், அந்த பஸ்ஸுல தான் ஏழைங்க ஏறினாங்க. ரங்கூன்ல 2017 ஜனவரில ஒய்பிஎஸ்ங்கிற புது பஸ் ஏற்பாடு வந்து வலது கதவு வச்ச புது பஸ்ஸுங்க நெறைய எறங்கற வரைக்கும் இந்தக் கூத்து நடந்துச்சு. கணக்குப் போடுங்க, 46 வருசம்.

ரோடு மாத்துனது சரியா தப்பான்னு நான் சொல்ல வரல. மாத்துறவங்க ஒரு தடவ கதவப் பாத்திருக்கணும்.

மோல்மேன் அக்கா:

ஐயா எழுதினதப் படிச்சு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். நான் அச்சகத்துல டைப்செட்டிங் பண்றவ, எங்க கத ஸோஜி ஃபான்ட். இது கெர்னல் இல்லனாலும் இந்தக் கேள்வியோட அண்ணன் தம்பி.

எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவா எண் குடுக்குற முறை தான் யூனிகோடு. பர்மிய எழுத்துக்கு அதுல 1999லயே எடம் குடுத்தாங்க, 2008ல 5.1 வந்தப்ப தான் ஒழுங்கா முழுசாச்சு. அதுக்குள்ள ஸோஜி ஊரெல்லாம் பரவிடுச்சு. அதுவும் யூனிகோடோட அதே எடத்துல உக்காந்துக்கிட்டு, ஆனா வேற முறைல. நம்ம தமிழ்ல கெ எழுதினா கொம்பு முன்னாடி தெரியும், ஆனா மெஷினுக்குள்ள க முதல்ல, கொம்பு அப்புறம். பர்மியத்துலயும் அப்படி ஒரு உயிர்க்குறி இருக்கு, ஸோஜில அத கண்ணுக்குத் தெரியுற வரிசைலயே முன்னாடி வைப்பாங்க. ஒரே வரிய ரெண்டு முறைல டைப் பண்ணி அனுப்பினா ஒருத்தருக்குத் தெரியுறது இன்னொருத்தருக்கு குப்பையாத் தெரியும். எல்லாரும் ஸோஜில இருக்காங்க, அத உடைக்காதீங்கன்னு வருசக்கணக்கா சொன்னாங்க. நானும் சொன்னேன், எங்கிட்ட ஆயிரக்கணக்கான பழைய ஃபைல் இருந்துச்சு.

ஒரு நாள் ஒரு மோன் குடும்பம் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தாங்க. பாட்டி பேர மோன் எழுத்துல போடணும்னு ஆச. மோனுக்குன்னு யூனிகோடு ஒதுக்கின எடத்துல ஸோஜி பர்மிய அடுக்கெழுத்தோட வேற வேற வடிவத்த உக்கார வச்சிருந்துச்சு, ஷானுக்கு, கரேனுக்கு ஒதுக்கினதுலயும் அதே கத. பாட்டி பேர டைப் பண்ணா வேற ஏதோ கால் கால் எழுத்தா வருது. கடைசில கையால எழுதி ஸ்கேன் பண்ணி படமா ஒட்டினேன். அந்தப் பாட்டி தடவிப் பாத்துட்டு, எங்க எழுத்து மெஷினுக்குள்ள போகாதாம்மான்னு கேட்டாங்க. என்னால பதில் சொல்ல முடியல.

அதுக்கப்புறம் நான் உடைக்காதன்னு சொல்றத விட்டுட்டேன். 2019 அக்டோபர் 1லருந்து நாடே யூனிகோடுக்குப் போகணும்னு தேதி குறிச்சாங்க, மாத்திக் குடுக்குற டூல், எது ஸோஜி எது யூனிகோடுன்னு கண்டுபிடிக்கிற டூல் எல்லாம் வந்துச்சு, கஷ்டப்பட்டு மாறினோம். தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு சயா. உடைக்காம இருக்குறதுக்கும் யாரோ ஒருத்தர் காசு குடுத்துட்டுத் தான் இருக்காங்க, அவங்க நம்ம கண்ணுல படுறதில்ல.

சிஸ்டம் சயா:

அக்கா, ஒத்துக்கிறேன். அந்தப் பாட்டி கேட்டது பெரிய கேள்வி.

டர்ட்டி கவ் பத்தி தம்பி சொன்னதும் உண்மை தான், ஆனா ஒண்ணச் சேத்துக்கணும், அந்த முதல் திருத்தமே சரியாச் செய்யலன்னு லினஸே ஒத்துக்கிட்டாரு. அத எடுத்ததவிட, எடுத்துட்டு சரியானத தேடாம விட்டது தான் பெரிய தப்பு. தேடினா கெடைக்கும்னு காட்ட ஒண்ணு சொல்றேன். 2014ல 64 பிட் கெர்னல்ல 16 பிட் செக்மென்ட் (மெமரியப் பிரிக்கிற பழைய முறை) வழியா கெர்னல் ஸ்டாக் (கெர்னல் தற்காலிகமா யூஸ் பண்ற மெமரி) அட்ரஸோட ஒரு துண்டு வெளிய கசியுதுன்னு தெரிஞ்சு, 16 பிட் செக்மென்ட்டையே தடை பண்ணிட்டாங்க. லினக்ஸ்ல விண்டோஸ் புரோகிராம ஓட்டுற வைன்ல பழைய விண்டோஸ் 16 பிட் புரோகிராம் ஓட்டினவங்களுக்கெல்லாம் ஓடாமப் போச்சு. பாதுகாப்பு தானே, பொறுத்துக்கோன்னு சொல்லியிருக்கலாம். ஆனா கெர்னல் எழுதுறவங்கள்ல ஒருத்தரான பீட்டர் ஆன்வின் உக்காந்து, கெர்னல்லருந்து புரோகிராமுக்குத் திரும்பிப் போகும்போது மட்டும் ஒரு சின்ன தனி ஸ்டாக்க வச்சு கசிவையும் அடைச்சு, அந்தப் புரோகிராமையும் ஓட வச்சாரு. கஷ்டமான வேல. ஐயா பட்டறைல ஆங்கிள் வச்சு முட்டுக் குடுத்த மாதிரி வேல.

2019 செப்டம்பர்லயும் ஒண்ணு நடந்துச்சு. ஈஎக்ஸ்டி4ல (டிஸ்க்குல ஃபைல வைக்கிற ஒரு முறை) பூட் ஆகும்போது டிஸ்க்க கம்மியாப் படிக்கிற மாதிரி நல்லா திருத்தியிருந்தாங்க. டிஸ்க் வேல கொறஞ்சதால ரேண்டம் நம்பருக்கு வேண்டிய எண்ட்ரபி (யாரும் யூகிக்க முடியாத தகவல்) சேரல, சில மெஷின்ல லாகின் ஸ்கிரீனே வராம தொங்குச்சு. அந்த மாத்தத்துல ஒரு குத்தமும் இல்ல. இருந்தும் 5.3 வெளியாகப் போற கடைசி நேரத்துல லினஸ் அத எடுத்தாரு, 5.4ல எண்ட்ரபி சேக்குறதுக்கு வேற வழி வச்சுட்டுத் தான் திரும்ப சேத்தாங்க.

பசுண்டாங் பட்டறை:

ஈஎக்ஸ்டி4னு சொன்னதும் எனக்கு 2009 ஞாபகம் வந்துடுச்சு. அப்ப தான் புதுசா ஈஎக்ஸ்டி4 போட ஆரம்பிச்சேன், நம்மூரு கரண்ட் பத்தி சொல்லணுமா, ஒரு நாள்ல எத்தன தடவ போகும்னு கணக்கே இல்ல. ஒரு கஸ்டமர் மெஷின் கரண்ட் கட்டுக்கு அப்புறம் தெறந்தா டெஸ்க்டாப் செட்டிங் பூரா போச்சு, ஃபைல் பேரு இருக்கு, சைஸ் பாத்தா பூஜ்யம். ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம். என் மேல தான் பழி, நான் தான் கெடுத்தேன்னு சொன்னாங்க, அந்த மாசக் கூலியும் தரல.

பின்னால தான் காரணம் புரிஞ்சது. அதுக்கு முந்தின ஈஎக்ஸ்டி3ல அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ டிஸ்க்குக்குப் போயிடும். ஈஎக்ஸ்டி4 எடம் ஒதுக்குறதையே தள்ளிப் போடும், 30 செகண்டு கூட ஆகலாம், அதுக்குள்ள கரண்ட் போனா பேரு மட்டும் மிஞ்சும். எஃப்சிங்க் (இப்பவே டிஸ்க்குல எழுதுன்னு சொல்ற கால்) போடாம எழுதினது புரோகிராமோட தப்பு, பாசிக்ஸ்ங்கிற பொது விதி அப்படித் தான் சொல்லுதுன்னு ஈஎக்ஸ்டி4 பாத்துக்கிற டெட் சோ விளக்கினாரு. விளக்கம் சரி தான். ஆனா அவரு விளக்கத்தோட நிக்கல, புது ஃபைல பழைய பேருக்கு மாத்துறப்பவும், காலி பண்ணிட்டு திரும்ப எழுதுறப்பவும், உடனே டிஸ்க்குக்குத் தள்ளுற மாதிரி 2.6.30ல கெர்னல்லயே ஏற்பாடு பண்ணாரு. அதுக்கப்புறம் எனக்கு அந்தப் பூஜ்யத் தொல்ல வரல.

தௌங்கூ தம்பி:

பட்டறை அண்ணே, கூலி தராதது அநியாயம்.

சயா சொன்ன 16 பிட் கத எனக்குத் தெரியாது, படிச்சுப் பாக்குறேன். அக்காவோட பாட்டி கத தான் நான் சொல்ல வந்ததுக்கு சரியான வார்த்தை. பழச உடைக்காம புதுசா ஒரு கதவு வைக்கிறதுக்கு நான் எதிரி இல்ல. ஃபைல தெறக்க ஓபன்னு ஒரு சிஸ்டம் கால், தெரியாத ஃபிளாக் (எப்படித் தெறக்கணும்னு சொல்ற குறி) குடுத்தா எரர் சொல்லாம கண்டுக்காம விட்டுடும், அது பிறவிக் குறை, இப்ப திருத்தினா எவ்வளவு புரோகிராம் உடையும்னு யாருக்கும் தெரியாது. அதனால 5.6ல ஓபன்ஏட்2ன்னு புதுசா வச்சாங்க, அது தெரியாத ஃபிளாக்க மூஞ்சில அடிச்ச மாதிரி மறுக்கும். பழசு அப்படியே இருக்கு. இது நல்ல வழி. ஆனா பழைய கதவ என்னிக்கு அடைக்கிறது? யாரும் தேதி சொல்றதில்லயே, அது தான் என் மனக்குறை.

இன்னொண்ணு. இந்த சத்தியமெல்லாம் யூசர் புரோகிராமுக்குத் தான். கெர்னலுக்கு உள்ள டிரைவர்களுக்கு ஒரு வாக்குறுதியும் கெடையாது, உள் ஏபிஐ (கெர்னலோட பகுதிங்க ஒண்ண ஒண்ணு கூப்பிடுற முறை) நிலையா இருக்காதுன்னு கெர்னல் பராமரிக்கிற கிரெக் குரோவா ஹார்ட்மன் எழுதி கெர்னல் டாகுமென்ட்லயே வச்சிருக்காங்க. என் யூஎஸ்பி வைஃபை டிரைவர் கெர்னலுக்கு வெளிய இருக்குறது, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கம்பைல் ஆகாம நிக்குது, தந்த கம்பெனி பதிலே போடல. பரீட்ச வாரத்துல நெட் இல்லாம உக்காந்திருந்தேன். எங்களுக்கு மட்டும் ஏன் அந்த சட்டம் இல்ல?

சிஸ்டம் சயா:

தம்பி, உள்ள மாத்துற சுதந்திரம் இருக்குறதால தான் வெளிய உடைக்காம இருக்க முடியுது. உள்ளயும் வெளியயும் ரெண்டையும் பூட்டிட்டா டர்ட்டி கவ் மாதிரி ஓட்டைய எங்கருந்து திருத்துவ? கெர்னலோட சோர்ஸ் கோடுக்குள்ளயே இருக்குற டிரைவரா இருந்தா ஏபிஐ மாத்துறவனே அதையும் சேத்து மாத்தணும், வெளிய இருக்குறத அவனால பாக்க முடியாது. உன் கஷ்டம் எனக்குப் புரியுது, அதுக்கு அந்தக் கம்பெனி டிரைவர உள்ள குடுத்திருக்கணும்.

பழைய கதவ அடைக்கிறதப் பத்தி: யாரும் யூஸ் பண்ணலன்னு நிச்சயமானா எடுக்குறாங்க. இன்டெலோட பழைய 386 சிப் ஆதரவ 3.8ல எடுத்தாங்க, அவங்களோட இட்டானியம் சிப்ப 6.7ல எடுத்தாங்க. யாருமே கவனிக்கலன்னா அது உடைப்பு இல்லங்கிறது அந்த சட்டத்தோட இன்னொரு பாதி. தேதி வைக்காம, ஆள் இருக்காங்களான்னு பாக்குறாங்க.

மோல்மேன் அக்கா:

ஆள் இருக்காங்களான்னு பாக்குறது சரி சயா, ஆனா அந்தக் கணக்கெடுப்புல பசுண்டாங்ல ஒரு பருப்புக் கட வருமா? அந்தக் கடைக்காரர் எந்த மெயிலிங் லிஸ்ட்ல போய் நான் இன்னும் யூஸ் பண்றேன்னு சொல்லுவாரு?

சிஸ்டம் சயா:

வராது அக்கா. அவருக்குப் பதிலா பட்டறை மாதிரி ஆளுங்க எழுதணும். பக் ரிப்போர்ட் அனுப்ப இங்கிலீஷ் தெரியலன்னு யாரும் தயங்க வேணாம், இங்க தமிழ்ல போடுங்க, நான் மாத்தி அனுப்புறேன். நெசமாச் சொல்றேன்.

பெகு பெரியவர்:

பட்டறை தம்பி, அந்தப் புரோகிராம எத்தன நாளைக்கு இப்படி முட்டுக் குடுத்து ஓட்டுவ? வெல்டு வச்ச எடத்துல ஒரு நாள் துரு ஏறும்.

பசுண்டாங் பட்டறை:

ஐயா, அதத் தான் ரெண்டு நாளா பாத்துட்டு இருக்கேன். நேத்து கடைக்குப் போயி ஐகானுக்குள்ளயே அந்த செட்ஆர்ச் வரிய எழுதி வச்சுட்டேன், கிளிக் பண்ணா நேரா தெறக்குது. அதோட டேட்டா ஃபைல பைட்டு பைட்டா காட்டுற ஹெக்ஸ் எடிட்டர்ல தெறந்து பாத்தேன். ஒவ்வொரு வரியும் ஒரே நீளம், 96 பைட்டு, முதல் நாலு பைட்டு தேதி. அதே 32 பிட் நேரம் தான், தம்பி சொன்ன 2038 இதுலயும் உக்காந்திருக்கு. அதுக்கு செட்ஆர்ச் ஒண்ணும் பண்ணாது.

மீதி பைட்டுல பேரு எங்க, பாக்கித் தொக எங்கன்னு பாதி கண்டுபிடிச்சுட்டேன். கடைக்காரர் மக பக்கத்துல உக்காந்து பழைய பில் புக்கப் பாத்து ஒவ்வொண்ணாப் படிக்குது, நான் பைட்டோட ஒப்பிட்டுப் பாக்குறேன். மூட்ட எண்ணிக்கை வர்ற எடம் மட்டும் இன்னும் சிக்கல, ஒரே ஆளுக்கு ரெண்டு தடவ வேற வேற மாதிரி வருது. சயா, அந்த 96 பைட்டுல ரெண்டு மூணு வரிய பேர மறைச்சு நாளைக்கு இங்க போடுறேன், பாத்துச் சொல்றீங்களா?

சிஸ்டம் சயா:

போடுங்க. பழைய மெஷின்ல எழுதின வரி, புதுசுல எழுதின வரி, ரெண்டையும் போடுங்க.